நட்சத்திரத்தைச் சோதிப்பது யார்?

வீட்டுக்குள் வந்த சட்டங்கள் – 9

ஏ.சி.யின் முகப்பில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் பெரும்பாலோர் நட்சத்திரங்களை மட்டும் எண்ணிவிட்டு விலைக்குப் போய்விடுகிறார்கள். அதற்குக் கீழே ஐ.எஸ்.இ.இ.ஆர். என்று மின்சிக்கனத்தைக் காட்டும் ஓர் எண்ணும், ஆண்டுக்கு எத்தனை யூனிட் செலவாகும் என்ற கணக்கும், இந்த ரேட்டிங் எதுவரை செல்லும் என்ற வரியும் இருக்கின்றன. அந்த யூனிட் கணக்கு, ஏ.சி. ஆண்டுக்கு 1,600 மணி நேரம் ஓடும் என்று வைத்துக்கொண்டு போட்டது. பிப்ரவரி தொடங்கி அக்டோபர் வரை இரவெல்லாம் ஓடும் சென்னை வீட்டு ஏ.சி. இந்த மணிக்கணக்கை எளிதாகத் தாண்டிவிடும். அதில் தவறில்லை. இரண்டு மாடல்களை ஒப்பிட ஒரு பொது அளவு வேண்டும், அவ்வளவுதான். நான் கேட்க வருவது வேறு. அந்த எண்ணை அளந்து சொன்னது யார்? ஸ்டிக்கரில் எரிசக்தித் திறன் பணியகத்தின் முத்திரை இருப்பதால் அரசே சோதித்துப் பார்த்துக் கொடுத்தது என்று நினைத்துக்கொள்கிறோம். நடைமுறை அப்படியில்லை. தயாரிப்பாளர் தம் மாடலை அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் சோதித்து, அறிக்கையை இணைத்து விண்ணப்பிக்கிறார். பணியகம் அதைப் பதிவு செய்து ஸ்டிக்கர் ஒட்ட அனுமதி தருகிறது. ஆக, கடையில் நாம் பார்ப்பது தயாரிப்பாளரின் வாக்கு. அந்த வாக்கைச் சரிபார்க்கும் விதிகள்தான் இந்தத் திட்டத்தின் உயிர்நாடி. பொருள் கடைக்கு வருவதற்கு முன் நடக்கும் சோதனையைவிட, வந்த பிறகு சொல்லாமல் கொள்ளாமல் நடக்கும் சோதனையே முக்கியம் என்பது என் வாதம்.

மின்சாரச் சிக்கனம் என்பது வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரியாத குணம். அரிசியைக் கையில் அள்ளிப் பார்க்கலாம், துணியைத் தடவிப் பார்க்கலாம். ஃபேன் 75 வாட் இழுக்கிறதா, 50 வாட் இழுக்கிறதா என்பதை எந்தக் கையாலும் கண்டுபிடிக்க முடியாது. மின்கட்டணக் கணக்கு தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருகிறது. அதில் ஃபிரிட்ஜ், மோட்டார், கிரைண்டர், டி.வி. எல்லாம் ஒன்றாகக் கலந்துதான் இருக்கும். முதல் 100 யூனிட் இலவசம், அதற்கு மேல் அடுக்கடுக்காக விலை ஏறும். இதற்குள் ஒரு பொய் நட்சத்திரம் பத்து வருடம் ஒளிந்து வாழலாம். ஏமாற்றப்பட்டவருக்கே அது தெரியாதபோது சந்தைப் போட்டி எப்படித் தண்டிக்கும்? மளிகைக் கடைத் தராசுக்கும் இதே நிலைதான். அதனால்தான் தராசுக்கு ஒருமுறை முத்திரை குத்தியதோடு சட்டம் நிற்பதில்லை. முத்திரை காலாவதியாகிறது, ஆய்வாளர் எந்த நாளும் வந்து எடைக்கல்லைக் கேட்கலாம்.

முன்சோதனையைக் காகிதத்தில் மட்டும் வைத்திருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஓர் அருமையான சான்று இருக்கிறது. அங்கே 1992 முதல் ‘எனர்ஜி ஸ்டார்’ என்ற அரசு முத்திரை நடப்பில் உள்ளது. அந்நாட்டு நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பான ஜி.ஏ.ஓ. இதைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தது. நான்கு போலி நிறுவனங்களை உருவாக்கி, இல்லாத 20 பொருள்களுக்கு முத்திரை கேட்டு விண்ணப்பித்தது. 15 பொருள்களுக்குக் கிடைத்துவிட்டது. அவற்றில் ஒன்று பெட்ரோலில் ஓடும் அலாரம் கடிகாரம். இன்னொன்று ‘அறைக்காற்றுச் சுத்திகரிப்பான்’. விண்ணப்பத்தில் இருந்த படத்தில் ஒரு சாதாரண ரூம் ஹீட்டர், அதன் மேல் ஓர் இறகுத் துடைப்பம், பக்கத்தில் ஈ பிடிக்கும் பசைத்தாள். அதற்கும் அனுமதி! முத்திரை பெற்றோர் பட்டியலில் பெயர் இருந்ததால், அந்தப் போலி நிறுவனங்களிடம் சரக்கு வாங்க உண்மையான நிறுவனங்களே விசாரித்தன என்பதையும் 2010 மார்ச்சில் வந்த அறிக்கை பதிவு செய்தது. அதன் பிறகு அமெரிக்கா விழித்துக்கொண்டது. 2011 முதல் வெளியார் சான்று கட்டாயமானது. அத்தோடு, பதிவான மாடல்களில் ஒரு பங்கை ஆண்டுதோறும் கடையிலிருந்தே எடுத்துச் சோதிக்கும் முறையும் வந்தது.

இந்த இரண்டாவது ஏற்பாடு ஏன் தேவை? வெளியார் ஆய்வகம் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், அது தன் மேஜைக்கு வந்த பெட்டியைத்தான் அளக்க முடியும். அனுப்புகிறவர் தேர்ந்தெடுத்த பெட்டி அது. ஆய்வகத்துக்குப் போகும் மோட்டாரில் முழுத் தாமிரம் இருந்து, ஆறு மாதம் கழித்துக் கடைக்கு வரும் மோட்டாரில் அது குறைந்திருந்தால் பழைய அறிக்கைக்கு என்ன மதிப்பு? அதைவிட நுணுக்கமான வேலைகளும் நடந்திருக்கின்றன. சோதனைக்கூடத்தின் சூழலை உணர்ந்துகொண்டு மின்செலவைக் குறைத்துக்கொள்ளும் ஏற்பாடு சில ஃபிரிட்ஜ்களில் இருந்ததை 2010-இல் ஆஸ்திரேலியாவின் ‘சாய்ஸ்’ என்ற நுகர்வோர் அமைப்பு கண்டுபிடித்தது. பரீட்சை ஹாலில் மட்டும் நல்ல பிள்ளை! ஐரோப்பியத் தந்திரம் இன்னும் சுவையானது. எந்த அளவீட்டிலும் சிறு வேறுபாடு வரும் என்பதால், அதிகாரிகள் சோதிக்கும்போது ஒரு குறிப்பிட்ட விழுக்காடு வரை கூடக்குறைய இருந்தால் மன்னிக்கலாம் என்று விதி இருந்தது. சோதிப்பவருக்குத் தந்த சலுகையைத் தயாரிப்பாளர்கள் சிலர் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டார்கள். மன்னிப்பு எல்லை வரை மதிப்பைத் தூக்கி அறிவித்தார்கள். இந்தச் சலுகை அதிகாரிகளின் சோதனைக்கு மட்டுமே, அறிவிப்புக்கு அல்ல என்று எழுத்தில் போட ஐரோப்பிய ஆணையம் 2016-இல் தனியாக ஒரு விதி கொண்டுவர வேண்டியிருந்தது. சோதனையை மோப்பம் பிடித்து நடத்தையை மாற்றிக்கொள்ளும் சாதனங்களை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது.

இந்திய விதிகளில் இதற்கான அமைப்பு இல்லாமல் இல்லை. பணியகம் சந்தையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கலாம். முதல் மாதிரி தோற்றால் இரண்டாம் சுற்றில் இரு மடங்கு மாதிரி. அதிலும் தோற்றால் ஸ்டிக்கரைத் திருத்த வேண்டும் அல்லது குறையைச் சரிசெய்ய வேண்டும், கடைகளில் உள்ள சரக்கைத் திரும்பப் பெற வேண்டும். அதற்கும் மசியாவிட்டால் பெயரையும் மாடலையும் மக்களுக்கு அறிவிக்கலாம். பிறர் எழுத்துமூலம் சவால் விட்டுச் சோதனை கோரவும் வழி உண்டு. எனக்கு இதில் உடன்பாடில்லாத இடம் வரிசைதான். பெயரை வெளியிடுவது கடைசிப் படியாக இருக்கிறது. வாங்குகிறவருக்கு அதுதான் முதலில் தேவைப்படும் செய்தி. எந்த மாடலைச் சோதித்தார்கள், தேறியதா, தோற்றதா என்பதை, மாடல்களைப் பட்டியலிடும் அதே இடத்தில், அந்த மாடலின் பெயருக்கு எதிரேயே போட்டுவிட வேண்டும். தேறியவற்றையும் போட வேண்டும். நேர்மையானவருக்கு இலவச விளம்பரம்.

சிறு தயாரிப்பாளர்கள் இதைத் தாங்குவார்களா என்று கேட்பார்கள். கோயம்புத்தூரில் பம்ப்செட் செய்யும் சிறு பட்டறைகளை நினைத்தால் இது வெறும் சாக்கு இல்லை. ஒவ்வொரு மாடலுக்கும் ஆய்வகக் கட்டணம் என்பது பெரிய நிறுவனத்துக்குத் தூசு, பட்டறைக்குச் சுமை. ஆனால் அந்தச் சுமை விழுவது பதிவுக்கு முன்னால் நடக்கும் சோதனையில். கடையில் விலை கொடுத்து வாங்கி அரசே முதல் சுற்றைச் சோதித்தால் பட்டறைக்காரருக்குச் செலவில்லை. கம்பியிலும் ஸ்டாம்பிங்கிலும் கஞ்சத்தனம் செய்யாமல் மூன்று நட்சத்திரம் வாங்கியவர் பக்கத்தில், அந்தக் கஞ்சத்தனத்தைச் செய்துவிட்டு ஐந்து நட்சத்திரம் ஒட்டியவர் நூறு ரூபாய் குறைத்து விற்றால் முதலில் கடையை மூடுபவர் யார்? மறுபடியும் இன்ஸ்பெக்டர் ராஜ்யமா என்ற கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. தொழிற்சாலை வாசலில் யாரும் போய் நிற்கப்போவதில்லை. ஊழல் நுழைய வேண்டுமானால் சோதிப்பவரும் சோதிக்கப்படுபவரும் நேரில் சந்திக்க வேண்டும். கடைப் பெட்டி அந்தச் சந்திப்புக்கே இடம் கொடுப்பதில்லை.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. ஆய்வகம் வேறு, வீடு வேறு, பிறகு எத்தனை முறை சோதித்து என்ன பயன்? வாக்குவம் கிளீனர்களைத் தூசிப்பை காலியாக இருக்கும்போது சோதித்து ரேட்டிங் தரும் ஐரோப்பிய விதியை டைசன் நிறுவனம் நீதிமன்றத்தில் எதிர்த்தது. பையில் தூசி சேரச் சேர உறிஞ்சும் திறன் மாறும் என்பது அதன் வாதம். 2018 நவம்பரில் ஐரோப்பிய ஒன்றியத்தின் பொது நீதிமன்றம் அந்த விதியையே ரத்து செய்தது. ஆட்சேபம் சரியானது, ஆனால் அதன் முடிவு சோதனையைக் கைவிடுவதாக இருக்க முடியாது. சோதனை முறையை மாற்றச் சொல்லலாம், சொல்ல வேண்டும். நம் ஃபேன்களுக்கான முறை இந்த விஷயத்தில் பரவாயில்லை. வாட் குறைவு என்பதற்காக மட்டும் நட்சத்திரம் கிடைக்காது, ஒரு வாட்டுக்கு எவ்வளவு காற்று வருகிறது என்று பார்க்கிறார்கள். மெதுவாகச் சுற்றிப் புழுக்கத்தில் போடும் ஃபேனுக்குச் சிக்கன விருது போகாது.

தண்டனைக்கு வருவோம். எரிசக்திச் சேமிப்புக்கான நம் 2001-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அபராத உச்சவரம்பு 10,000 ரூபாய். சிரிப்புக்குரிய இந்தத் தொகை 2010 திருத்தத்தில் 10 லட்சமானது. லட்சக்கணக்கில் விற்கும் நிறுவனத்துக்கு அதுவும் ஒரு நாள் விளம்பரச் செலவு. 2022 திருத்தம்தான் கணக்கை மாற்றியது. சாதனங்களுக்கான விதியை மீறினால், அந்த 10 லட்சத்துக்கு மேல் ஒவ்வொரு சாதனத்துக்கும் 2,000 முதல் 5,000 ரூபாய் வரை கூடுதல் அபராதம். மீறலில் சிக்கிய மாடலில் 10,000 பெட்டிகள் என்றால் குறைந்தபட்சமே 2 கோடி. அபராதம் விதிக்கும் அதிகாரம், மாநில மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் உறுப்பினர்களில் ஒருவரிடம் இருக்கிறது. அவர் முன்னால் கோப்பு போக வேண்டுமானால், அதற்கு முன் யாராவது கடைக்குப் போய்ப் பில் போட்டு ஒரு பெட்டியை வாங்கி வந்திருக்க வேண்டும். அந்த வேலைக்கு ஆண்டுதோறும் எவ்வளவு பணம் ஒதுக்கப்படுகிறது என்பதைத்தான் நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் கேட்க வேண்டும்.

ஏ.சி.யை ஆன் செய்தால் 24 டிகிரியில் தொடங்க வேண்டும் என்று 2020-இல் வந்த விதியை அடுத்த வாரம் எடுத்துக்கொள்வோம்.

(தொடரும்)