காசிமேட்டில் நாலு வருஷம்!

காசிமேடு என்றதும் என்ன ஞாபகம் வரும்? வஞ்சிரம், ஐஸ் பெட்டி, ஞாயிற்றுக்கிழமை காலையில் சம்சாரம் கையில் திணிக்கிற ஒயர் கூடை. (கல்யாணமாகாதவர்களுக்குக் கூடை கிடையாது, மெஸ் குழம்புதான்.) அதே காசிமேட்டில் 1979-லிருந்து 1983 வரை வைர வியாபாரிகளின் கல்லறைக் கற்கள் இருந்தன என்றால், "ரீல் விடாதீங்க சார்" என்பீர்கள்.

ரீல் இல்லை. வெள்ளைக்காரன் கோட்டை கட்டிய கொஞ்ச காலத்திலேயே யூத வியாபாரிகள் சென்னைக்கு வந்துவிட்டார்கள். பவழம் கொண்டுவந்து இறக்குவார்கள், கோல்கொண்டா வைரத்தை வாங்கிக்கொண்டு போவார்கள். ஜார்ஜ் டவுனில் பவழக்காரத் தெரு என்று இருக்கிறதே, அந்தப் பவழம்தான்! 1688-ல் மாநகராட்சி ஆரம்பித்தபோது ஆல்டர்மேன் நாற்காலியிலும் உட்கார்ந்தார்கள். ஜாக் டி பைவா என்ற வியாபாரி தம் ஜனங்களுக்காகத் தங்கசாலைப் பக்கம் ஓர் இடுகாடு ஏற்படுத்தினார். 1687-ல் அவரையும் அங்கேதான் புதைத்தார்கள்.

ஹீப்ரு மொழியில் இடுகாட்டுக்கு 'உயிருள்ளோர் வீடு' என்று பெயர். புதைத்த இடத்தைக் கலைக்கக் கூடாது என்பது யூதர்களின் சாஸ்திரம். நம்ம ஊரில் அது வாடகை வீடாகிவிட்டது. தங்கசாலையில் பள்ளிக்கூடம் கட்ட இடம் தேவைப்பட்டது. மிஞ்சிய கற்கள் 1979-ல் காசிமேட்டுக்கு வந்தன. துறைமுக விரிவாக்கம் என்றார்கள். 1983-ல் லாயிட்ஸ் ரோட்டுக்கு (இப்போது அவ்வை சண்முகம் சாலை) மறுபடி ஜாகை மாற்றம்.

பள்ளிக்கூடமும் வேண்டும், துறைமுகமும் வேண்டும். அதில் எனக்குத் தகராறே இல்லை. உதைப்பது கணக்கு. வீடு மாறி மாறிப் போனதில் 17 கற்களைக் காணோம்! பி.காம். முதல் வருஷப் பையனைக் கேட்டாலே சொல்வான்: குடோன் மாற்றினால் ஏற்றும்போது எண்ணு, இறக்கும்போது எண்ணு, குறைந்தால் ஸ்டோர்கீப்பர் சம்பளத்தில் பிடி. இங்கே யார் சம்பளத்தில் பிடிப்பது? காணாமல் போனதில் பைவாவின் கல்லும் ஒன்று.

பைவா போனபிறகு அவர் மனைவி கவர்னர் எலிஹு யேலோடு வாழ்ந்தார். (அமெரிக்காவில் யுனிவர்சிட்டி இருக்கிறதே, அதே யேல்தான். கிசுகிசுவுக்கு முந்நூறு வயசு!) அந்த யேலின் குழந்தை டேவிட்டின் கல்லறை ஹைகோர்ட்டை ஒட்டி, மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. பார்க்கிங் கட்ட இடைஞ்சல் என்று 2023-ல் கேஸே நடந்தது. அந்த ஒரு கல்லை அசைக்கக் கோர்ட் படி ஏற வேண்டியிருந்தது. யூதக் கற்களுக்காகப் படியேற, சென்னையில் யூதர்களே அநேகமாக மிஞ்சவில்லை.

லாயிட்ஸ் ரோட்டில் மிச்சமிருப்பதில் 1709-ல் இறந்த வைர வியாபாரி ஐசக் அபென்டானாவின் கல்லும் உண்டு. அடுத்த மேம்பாலமோ, பார்க்கிங்கோ வந்து கதவைத் தட்டுவதற்குள் கல்லுக்குக் கல் நம்பர் போட்டு, போட்டோ எடுத்து, எழுத்துகளைப் பிரதி எடுத்து ஒரு ரிஜிஸ்டரில் ஏற்ற என்ன செலவாகும்? ஒரு கிளார்க், ஒரு காமிரா, ஒரு வாரம்.