புதுமனை புகுந்தது கால்பந்து; குடியிருப்பது கிரிக்கெட்!

திருவனந்தபுரத்தில் புதிதாக ஒரு காரியத்தைத் தொடங்குகிறவர்கள் பழவங்காடி கணபதிக்கு ஒரு தேங்காய் உடைத்துவிட்டுத்தான் தொடங்குவார்கள். கடை திறப்பதானாலும், பரீட்சை எழுதுவதானாலும், புது வண்டி வாங்குவதானாலும் முதலில் கிழக்கே கோட்டைக்கு வந்து, தேங்காயைச் சிதறவிட்டு, தடை எல்லாம் நீங்கட்டும் என்று கும்பிட்டுவிட்டுப் போவது இந்த ஊர் வழக்கம். இதில் மலையாளி, தமிழர் என்ற வேற்றுமை கிடையாது.

ஆனால், எத்தனை தேங்காய் உடைத்தாலும் போதாதோ என்று எண்ண வைக்கும் காரியம் ஒன்று இந்தத் தலைநகரில் உண்டு. கால்பந்து ரசிகர்கள் தங்களுக்கென்று ஒரு மைதானத்தையும், அதில் ஆடத் தங்களுக்கென்று ஓர் அணியையும் ஒரே சமயத்தில் பெறுவதுதான் அது. புதிய மைதானம் வந்தபோது அணி இல்லை. அணி வந்து சேர்ந்தபோது புதிய மைதானம் வேறோர் ஆட்டத்தின் கைக்குப் போயிருந்தது. பல ஆண்டுகளாக இழுத்துக்கொண்டு போகும் இந்தக் கதையை நினைத்துப் பார்த்தால், ரசிகன் உண்மையில் எதற்காகக் காத்திருக்கிறான் என்ற கேள்வி எழுகிறது.

கடற்கரையில் வளர்ந்த ஆட்டம்

கேரளத்தில் கால்பந்து என்றால் மலப்புறமும் கோழிக்கோடும்தான் பலருக்கு நினைவு வரும். திருவனந்தபுரம் அரசு அலுவலகங்களின் ஊர், இங்கு பந்தைப் பற்றி யாருக்குக் கவலை என்று வடக்கே உள்ளவர்கள் கேலி பேசுவதுண்டு. அப்படிப் பேசுகிறவர்கள் மாலை வேளையில் கடற்கரைப் பக்கம் வந்து பார்த்ததில்லை என்றே சொல்ல வேண்டும். வெட்டுக்காடு, பூந்துறை, விழிஞ்ஞம், பொழியூர் என்று தெற்கே நீளும் மீனவர் கிராமங்களில், வலை உலரும் மணலிலேயே பையன்கள் பந்து உதைத்துப் பழகுகிறார்கள். பொழியூரைத் தாண்டினால் தமிழ்நாடு. அங்கே குமரி மாவட்டத்துத் தூத்தூர் வட்டாரத்திலும் இதே காட்சிதான். இந்திய லீக்கில் ஆடிப் பெயர் பெற்ற மைக்கேல் சூசைராஜ் அந்தக் கடற்கரையில் பிறந்தவர். மாநில எல்லை மணலில் கிடையாது, பந்துக்கும் கிடையாது.

சாலை கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் தமிழர்களில் பலருக்கும் இந்த ஆட்டத்தில் ஈடுபாடு உண்டு. நெல்லையிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் வந்து இரண்டு மூன்று தலைமுறையாக இங்கே வாழும் குடும்பங்கள், உலகக் கோப்பை வந்துவிட்டால் பிரேசில், அர்ஜென்டினா என்று இரண்டாகப் பிரிந்துவிடுவதைக் காணலாம். "அண்ணாச்சி, நம்ம ஊரிலே எப்போது இப்படி ஒரு மேட்ச் நடக்கும்?" என்று கடைப் பையன் கேட்டால், முதலாளியிடம் பதில் இருப்பதில்லை.

1956ல் பிறந்த மைதானம்

பதில் இருந்த காலமும் ஒன்று உண்டு. கேரள மாநிலம் பிறந்த 1956ம் ஆண்டிலேயே பாளையத்துக்கு அருகில் சந்திரசேகரன் நாயர் ஸ்டேடியம் எழுந்தது. போலீஸ் இன்ஸ்பெக்டர் ஜெனரலாக இருந்த என். சந்திரசேகரன் நாயரின் பெயரைத் தாங்கிய இந்த அரங்கை, ஊர்க்காரர்கள் போலீஸ் ஸ்டேடியம் என்றே அழைக்கிறார்கள். அதே ஆண்டு சந்தோஷ் கோப்பைப் போட்டி திருவனந்தபுரத்துக்கு வந்தது. ஐதராபாத் கோப்பையைக் கொண்டு சென்றது. கேரள விளையாட்டுத் துறையின் தந்தை என்று போற்றப்படும் கர்னல் கோதவர்மராஜா நாடெங்கும் அலைந்து விளையாட்டுக்கு ஆதரவு திரட்டிய காலம் அது. 1971ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். அவர் பெயரால் நடந்த ஜி.வி. ராஜா கோப்பைப் போட்டிக்கு இந்தியாவின் சிறந்த அணிகள் தலைநகருக்கு வந்தன.

உள்ளூர் அணிகளுக்கும் அப்போது பஞ்சமில்லை. டிட்டானியம், ஏ.ஜி. அலுவலகம், மின்சார வாரியம், ஸ்டேட் பாங்க் ஆப் திருவாங்கூர், போலீஸ் என்று வேலையும் கொடுத்துப் பந்தும் ஆட வைத்த நிறுவனங்கள் பல இருந்தன. 1973 டிசம்பரில் எர்ணாகுளத்தில் ரயில்வே அணியை 3-2 என்று வென்று கேரளம் முதல் முறையாகச் சந்தோஷ் கோப்பையைப் பெற்றபோது, மூன்று கோல்களையும் அடித்தவர் காப்டன் மணி. அந்த அணிக்குப் பயிற்சி கொடுத்தவர் 1960 ரோம் ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடிய தமிழர் சைமன் சுந்தர்ராஜ் என்பது குறிப்பிடத்தக்கது. 1990லும் 1991லும் கேரள போலீஸ் அணி அடுத்தடுத்துப் பெடரேஷன் கோப்பையை வென்றது. சத்யன், விஜயன், பாப்பச்சன், ஷரபலி ஆகியோரின் பெயர்களை அந்தத் தலைமுறை ரசிகர்கள் இன்றும் ஒரே மூச்சில் சொல்வார்கள்.

பிறகு காலம் மாறியது. அலுவலக அணிகளின் செல்வாக்குக் குறைந்து, பணம் போட்டு நடத்தும் தொழில்முறைக் கிளப்புகள் வந்தன. 1997ல் எப்.சி. கொச்சின், 2004ல் கோழிக்கோட்டில் விவா கேரளா, 2014ல் கொச்சியில் கேரளா பிளாஸ்டர்ஸ், 2017ல் கோகுலம் கேரளா என்று எல்லாம் வடக்கேயே தோன்றின. டிட்டானியத்தையும் போலீசையும் பார்த்து வளர்ந்த தலைநகர் ரசிகர்கள், தங்கள் அணி என்று ஒன்றைச் சொல்லிக்கொள்ள 200 கிலோமீட்டர் ரயிலேறிக் கொச்சிக்குப் போக வேண்டியதாயிற்று. ஸ்டேட் பாங்க் ஆப் திருவாங்கூரோ 2017ல் பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைந்து, பெயரே மறைந்து போனது.

காரியவட்டத்துக் கனவு

இதற்கிடையே நகரத்துக்கு வடக்கே காரியவட்டத்தில் ஒரு பெரிய நம்பிக்கை முளைத்தது. 35வது தேசிய விளையாட்டுப் போட்டியைக் கேரளம் நடத்த வேண்டும் என்று முடிவாகி, அதற்காகக் கேரள சர்வகலாசாலைக்குச் சொந்தமான 36 ஏக்கர் நிலத்தில் கிரீன்பீல்டு ஸ்டேடியம் கட்டத் திட்டமிட்டார்கள். 50,000 பேர் உட்காரக்கூடிய அரங்கம். நிறுவனம் ஒன்று தன் செலவில் கட்டி, சில ஆண்டுகள் நடத்தி, பிறகு திருப்பி ஒப்படைக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

ஆனால் திறப்பு விழா எட்டாக் கனியாகவே இருந்தது. கேரளத்துக்கு முந்திய ஜார்க்கண்ட் போட்டியே 2007லிருந்து தள்ளிப்போய் 2011ல்தான் நடந்தது. அதன் பின்னால் கேரளத்தின் போட்டியும் ஆண்டுக்கு ஆண்டு நகர்ந்தது. 2010 என்று முதலில் சொன்னது 2012 ஆகி, 2013 ஆகி, 2014 ஆகி, கடைசியில் 2015 ஜனவரி 31ம் தேதி தொடக்க விழா நடந்தது. பி.டி. உஷாவும் அஞ்சு பாபி ஜார்ஜும் தீபம் ஏற்றினார்கள்.

அந்த ஆண்டின் முடிவில்தான் கால்பந்து ரசிகர்களுக்கு உண்மையான விருந்து கிடைத்தது. தெற்காசியக் கால்பந்துப் போட்டி 2015 டிசம்பர் 23ம் தேதி காரியவட்டத்தில் தொடங்கியது. இந்தியா இலங்கையை 2-0 என்றும், நேபாளத்தை 4-1 என்றும், அரை இறுதியில் மாலத்தீவை 3-2 என்றும் வென்றது. 2016 ஜனவரி 3ம் தேதி இறுதி ஆட்டத்தில் முதல் கோலை அடித்தது ஆப்கானிஸ்தான்தான். ஜேஜே உடனே பதில் கோல் போட்டார். கூடுதல் நேரத்தில் காப்டன் சுனில் சேத்ரி வெற்றி கோலை அடித்தார். இந்தியா ஏழாவது முறையாகக் கோப்பையை வென்றது. இனி இது நமது மைதானம் என்று ரசிகர்கள் நம்பியதில் வியப்பில்லை.

கொச்சிப் புல்லுக்காக

அந்த நம்பிக்கை நிலைக்கவில்லை. அரங்கம் இருந்தது, ஆட ஓர் அணி இல்லை. காலியாகக் கிடக்கும் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வருவது இயல்பு. கிரிக்கெட் வந்தது. அதற்கும் ஒரு நியாயம் இருந்தது. தலைநகரில் 1984லும் 1988லும் யூனிவர்சிட்டி ஸ்டேடியத்தில் சர்வதேச ஒருநாள் ஆட்டங்கள் நடந்தன. அதற்குப் பிறகு 29 ஆண்டுகள் கிரிக்கெட் ரசிகர்களும் காத்திருந்தவர்களே. 2017 நவம்பர் 7ம் தேதி நியூசிலாந்துடன் காரியவட்டத்தில் ஆட்டம் நடந்தபோது மழை பெய்து, ஆட்டம் 8 ஓவராகச் சுருங்கியது. மழை விடும் வரை கூட்டம் கலையவில்லை.

அடுத்து நடந்ததுதான் வேடிக்கை. 2018ல் இந்தியா - மேற்கிந்தியத் தீவுகள் ஒருநாள் ஆட்டத்தைக் கொச்சி கலூர் ஸ்டேடியத்தில் நடத்த யோசனை வந்தது. கால்பந்துக்கென்று பெரும் செலவில் வளர்த்த புல்தரையின் நடுவே கிரிக்கெட் பிட்ச் வெட்டுவதா என்று கேரளமெங்கும் ரசிகர்கள் பொங்கி எழுந்தார்கள். சுனில் சேத்ரி, சி.கே. வினீத் போன்ற வீரர்கள் எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சச்சின் டெண்டுல்கரே அந்தத் தரையைக் காக்க வேண்டும் என்று குரல் கொடுத்தார். முடிவில் கொச்சி தப்பியது. ஆட்டம் திருவனந்தபுரத்துக்கு மாறியது. கொச்சியில் கால்பந்து ஜெயித்த அதே முடிவால் காரியவட்டத்தில் கிரிக்கெட்டுக்கு மேலும் வேர் பிடித்தது. புதுமனை புகுந்தது கால்பந்து; குடியேறியது கிரிக்கெட்!

இதில் கிரிக்கெட்டின் மேல் குறை சொல்லிப் பயனில்லை. வாரந்தோறும் வந்து ஆட ஓர் அணி இருந்திருந்தால், கொச்சியில் எழுந்த குரல் காரியவட்டத்திலும் எழுந்திருக்கும். சொந்தக்காரன் இல்லாத நிலத்துக்கு வேலி போட யார் வருவார்கள்?

கொம்பன்கள் வந்தார்கள்

2024 செப்டம்பரில் சூப்பர் லீக் கேரளா என்ற புதிய போட்டி ஆறு அணிகளுடன் தொடங்கியது. அதில் ஒன்று திருவனந்தபுரம் கொம்பன்ஸ். கொம்பன் என்றால் தந்தம் உள்ள ஆண் யானை. ஆனைமுகன் கோயிலை நடு ஊரில் வைத்திருக்கும் நகரத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்குமா?

பிரேசில் நாட்டுப் பயிற்சியாளரும் பிரேசில் வீரர்கள் பலரும் வந்தார்கள். ஆனால் அவர்கள் ஆடியது 50,000 பேர் அமரும் காரியவட்டத்தில் அல்ல. 1956ல் கட்டிய பழைய போலீஸ் ஸ்டேடியத்தில்தான். ரசிகர்கள் முகம் சுளிக்கவில்லை. கிழக்கே கோட்டையிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில் ஆட்டம் நடந்ததில் அவர்களுக்கு மகிழ்ச்சியே. முதல் ஆண்டிலேயே கொம்பன்ஸ் அரை இறுதி வரை சென்று, அந்த ஆண்டு கோப்பையை வென்ற கோழிக்கோட்டு அணியிடம் தோற்றது.

லண்டனிலும் இதே கதை

மைதானத்துக்காகக் காத்திருப்பது கேரளத்துக்கு மட்டும் உரியதல்ல. லண்டன் நகரத்து டாட்டன்ஹாம் கிளப் 2017ல் தன் பழைய அரங்கை இடித்துவிட்டு, அதே இடத்தில் 62,850 பேர் அமரும் புதிய அரங்கைக் கட்டியது. 2018 செப்டம்பரில் திறப்பதாகச் சொன்னார்கள். கட்டடம் தயார், ஆனால் தீ விபத்தை அறிவிக்கும் கருவிகளின் மின் இணைப்பில் கோளாறு. பெரிய அரங்குகளில் சுவரும் கூரையும் எழுந்த பிறகுதான் மிகுந்த காலம் பிடிக்கும் வேலைகள் தொடங்குகின்றன. மின் கம்பி, தீயணைப்பு ஏற்பாடு, கூட்டம் வெளியேறும் வழி ஆகியவற்றைச் சோதித்து, சிறிய கூட்டத்தை வைத்து ஒத்திகை பார்த்த பிறகே அனுமதி கிடைக்கும். இளைஞர் அணிகளின் ஆட்டத்தை வைத்து அங்கு ஒத்திகை நடந்தது. 2019 ஏப்ரல் 3ம் தேதிதான் முதல் பெரிய ஆட்டம். டாட்டன்ஹாம் 2-0 என்று வென்றது.

ஸ்பெயினில் பார்சிலோனா கிளப்பின் ரசிகர்களும் இப்படித்தான் தவித்தார்கள். 2024 நவம்பரில் தங்கள் அரங்குக்குத் திரும்பலாம் என்றிருந்தவர்கள், ஒவ்வொரு தேதியாகத் தள்ளிப்போய் 2025 நவம்பர் 22ம் தேதிதான் திரும்பினார்கள். அப்போதும் முழு அரங்கும் முடியவில்லை. சுமார் 45,000 பேருக்கே இடம் இருந்தது.

ஆனால் அந்த ரசிகர்களுக்கும் திருவனந்தபுரத்து ரசிகர்களுக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கே கட்டடம் தாமதித்தது. அணி எங்கும் போகவில்லை. வேறு மைதானத்தில் ஆடிக்கொண்டே காத்திருந்தது. ஆகவே கதவு திறந்த அன்றே அது வீடாகிவிட்டது. இங்கே கதவு திறந்தது. உள்ளே வர ஆளில்லை.

கண்ணூர் காட்டிய வழி

இதற்குச் சான்று தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. சூப்பர் லீக்கின் முதல் ஆண்டில் கண்ணூர், திருச்சூர் அணிகளுக்குச் சொந்த ஊரில் மைதானம் தயாராகவில்லை. கண்ணூர் அணி கோழிக்கோட்டிலும், திருச்சூர் அணி மஞ்சேரியிலும் விருந்தாளிகளாக ஆடின. ரசிகர்கள் பஸ் ஏறிப் போய்ப் பார்த்தார்கள். 2025ல் இரண்டு ஊர்களிலும் மைதானம் தயாரானது. அந்த ஆண்டு டிசம்பரில் கோப்பையை வென்றதும் கண்ணூர்தான். முதலில் அணி, பிறகு அதற்காக மைதானம் என்ற வரிசை அங்கே பலித்தது.

திருவனந்தபுரத்தில் இப்போது அணி இருக்கிறது. போலீஸ் ஸ்டேடியம் வயதானதுதான். ஆனால் நல்ல புல்லும், ஒழுங்கான விளக்கும், உட்கார வசதியும், வருஷந்தோறும் தவறாத ஆட்டத் தேதிகளும் இருந்தால், அது 50,000 பேர் அரங்கத்தைவிடப் பெரிய சொத்தாகும். ஊர் ரசிகர்கள் கேட்பது மற்றொரு திறப்பு விழா அல்ல. திறந்த கதவு மறுபடி சாத்தப்படாமல் இருந்தால் போதும் என்பதே அவர்கள் வேண்டுதல்.