பேராமையின் ஆகாரம்

அண்ணாமலையின் அடிவாரத்தில், கடல் கண்ணுக்கெட்டாத இவ்வேங்கிக்காலில், ஆமையென்றால் ஏரியாமையையே எண்ணுபவர்களுக்கு, மன்னார் வளைகுடாவிலும் பாக் விரிகுடாவிலும் உலவும் பேராமை பெரும்பாலும் புல் மேய்ந்தே காலங்கழிக்கிறது என்பது ஆச்சரியமாக இருக்கலாம். பால்யத்தில் நடுக்கடலில் சொறிமீன் முதலானவற்றையும் உண்டு திரிந்த அதே பிராணி, பிராயம் ஏறியபின் கரையோரக் கடற்புல் வெளிகளை நாடி வந்து, அரத்தின் பல்போல் விளிம்பு அமைந்த தாடையால் தாள்களைக் கத்தரித்து, கத்தரித்த இடத்துக்கே மீண்டும் மீண்டும் திரும்பி, நார் குறைந்து சத்து மிகுந்த இளந்தளிரையே தேடி மேய்கிறது. மாடு மேய்ப்பவர் அறிந்த சூட்சுமந்தான்! இதனைப் பச்சையாமை என்பது ஓட்டின் நிறத்தாலன்று, உள்ளிருக்கும் கொழுப்பின் பசுமையால்.

முற்காலத்தில் இறைச்சிக்காக அறுபட்ட ஆமைகளின் குடலைக் கிளறி ஆகாரத்தை ஆராய்ந்தனர்; இன்றோ, உயிருள்ள ஆமையின் உணவுக்குழாயில் மெல்ல நீர் செலுத்தி, வெளிவரும் துணுக்குகளை நுண்ணோக்காடியில் பார்க்கின்றனர்; தோலில் படிந்த கரி, நைட்ரஜன் ஐசோடோப்புகளையும் அளக்கின்றனர்.

லட்சத்தீவுகளில் ஒன்றான அகத்தியின் காயலில் ஆமைகள் பெருகிக் கடற்புல்லை ஒட்ட மேய்ந்தபோது, மீன் குறைந்ததற்கு ஆமையே காரணமென்று மீனவர் குறைப்பட்டனர். அவர்கள் மனத்தாங்கலும் நியாயமற்றதன்று.