தோல் இறுகும் நோயில் உடல் மெலிவது ஏன்?

விரல்கள் விறைத்து மடங்கிவிட்டால் சோறு பிசைய முடியாது. வாயைச் சுற்றித் தோல் இறுகிவிட்டால் கவளம் உள்ளே போகாது. இட்லியைக்கூட சிறுசிறு விள்ளலாகத்தான் வைக்க வேண்டும். ‘ஸ்க்லெரோடெர்மா’ என்னும் தோல் இறுக்க நோய் வந்தவர்களுக்குச் சாப்பாட்டுச் சிரமம் இலையிலேயே தொடங்கிவிடுகிறது. அதைவிடப் பெரிய சிரமம் குடலுக்குள் இருக்கிறது.

உடலின் எதிர்ப்புச் சக்தி உடலையே தாக்கும் நோய்களில் இதுவும் ஒன்று. பெண்களுக்கே அதிகம் வருகிறது. தோலைத் தடிக்கவைக்கும் அதே நார்த்திசு உள்ளுறுப்புகளிலும் படிகிறது. நோயாளிகளில் ஏறக்குறைய 10-ல் 9 பேருக்கு உணவுப்பாதையின் ஏதோ ஒரு பகுதி பாதிக்கப்படுகிறது.

முதல் அடி உணவுக்குழாய்க்கு. அதன் கீழ்ப்பகுதித் தசை வலுவிழந்து, இரைப்பையின் வாசலும் தளர்ந்துவிடும். “நெஞ்சு கரிக்குது, சோறு நெஞ்சுலயே நிக்குது” என்று சொல்பவரிடம் வீட்டார் பரோட்டா சால்னாவைக் குறை சொல்வார்கள். மருந்துக்கடையில் ஒரு ஜெலுசில் வாங்கிக் கொடுப்பார்கள். விரலும் இறுகி நெஞ்சும் கரித்தால் இரண்டையும் ஒரே மருத்துவரிடம் சொல்வது அவசியம்.

சிறுகுடலில் நடப்பதுதான் உடலை உருக்குகிறது. சாப்பாட்டு இடைவேளைகளில் குடல் தன்னைத் தானே கூட்டித் தள்ளும் அசைவு குறைந்துபோகிறது. தேங்கிய உணவில் கிருமிகள் பெருகுகின்றன. பி12 வைட்டமினை அவை எடுத்துக்கொள்கின்றன, கொழுப்புச் செரிமானத்துக்கான பித்த உப்பையும் சிதைக்கின்றன. அதனால் வயிறு உப்பும், பேதியாகும், எடை இறங்கும். நன்றாகச் சாப்பிடுகிறவரும் மெலிவார். வேறு சிலருக்கு இரைப்பையின் உட்சுவரில் ரத்தநாளங்கள் விரிந்து சிவப்புக் கோடுகளாகத் தெரியும். மருத்துவர்கள் இதைத் ‘தர்பூசணி இரைப்பை’ என்கிறார்கள். அங்கே கசியும் ரத்தத்தால் சோகை வரும்.

ஓவியர் பால் க்ளேயை 1935-ல் பிடித்த நோய் இதுதான் என்பது, அவர் இறந்த பிறகு மருத்துவர்கள் வந்த முடிவு. விழுங்கவே முடியாமல் அவதிப்பட்டார். அவர் மறைந்த ஜூன் 29-தான் உலக ஸ்க்லெரோடெர்மா தினம்.

மெலிவைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி வேண்டாம், எடை மெஷின் போதும். 60 கிலோ இருந்தவர் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள், முயற்சி செய்யாமலே 6 கிலோவுக்கு மேல் இழந்தால் அது ஊட்டச்சத்துக் குறைபாட்டின் அதிக அபாயக் கட்டம். கனடாவில் 500-க்கும் மேற்பட்ட நோயாளிகளை ஆராய்ந்து 2009-ல் வெளியான முடிவில், ஆறில் ஒருவர் அந்த அபாயத்தில் இருந்தார். மருத்துவர் தோலைத் தொட்டுப் பார்க்கிற ஒவ்வொரு முறையும் எடையும் குறிக்கப்பட வேண்டும். எடை பார்க்கும்படி நோயாளியே கேட்டாலும் தவறில்லை.

சாப்பாட்டில் ஒரு எச்சரிக்கை. மலச்சிக்கல் என்றால் கீரை, கேப்பை, இசப்கோல் என்று நார்ச்சத்தைக் கூட்டச் சொல்வது நம் வழக்கம். அசைவு குறைந்த குடலில் அது உப்புசத்தைக் கூட்டலாம். மருத்துவரைக் கேட்டுத்தான் கூட்ட வேண்டும். குழைந்த சாதம், பாசிப்பருப்பு, முட்டை, முள் எடுத்த மீன் என மென்மையாக, கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு வேளை சாப்பிடலாம். கைப்பிடி தடித்த சிறிய கரண்டி விறைத்த விரலுக்கு உதவும். இரவுச் சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி வேண்டும். தலையணையை அடுக்குவதைவிடக் கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்குச் செங்கல் வைத்து உயர்த்துவது நல்லது.

மருந்தும் உண்டு. அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும், குடலை அசைக்கும் மாத்திரையும் கொடுப்பார்கள். கிருமிப் பெருக்கத்துக்கு ஆன்டிபயாட்டிக்கை மாற்றி மாற்றித் தருவதும் உண்டு. ரத்தக் கசிவை எண்டோஸ்கோப்பி வழியாகவே சுட்டு நிறுத்தலாம். ஆனால் மலம் தார் போலக் கறுத்தாலோ, ரத்த வாந்தி வந்தாலோ, வயிறு உப்பி வாந்தி நிற்காமல் போனாலோ, மேலூரானாலும் உசிலம்பட்டியானாலும் விடியட்டும் என்று காத்திருக்காமல் மதுரை ராஜாஜி மருத்துவமனை போன்ற பெரியாஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் புறப்பட்டுவிட வேண்டும்.