டியூப் வழியாகச் சாப்பாடு: வீட்டுக்கு வந்த பிறகு என்ன செய்யணும், எவ்வளவு செலவாகும்?

திருவண்ணாமலை என்றதும் பலருக்குக் கிரிவலம்தான் நினைவுக்கு வரும். விருதுநகர் மாவட்டத்துக்காரர்களுக்கு அதே பெயரில் இன்னொரு ஊரும் உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில், குன்றின் மேல் சீனிவாசப் பெருமாள் கோயில் இருக்கும் ஊர் அது. புரட்டாசி சனிக்கிழமைகளில் ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துச் சனமெல்லாம் அங்கேதான் இருக்கும்.

அந்த ஊர் மாதிரி ஓர் இடத்தில் இருக்கும் வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். அப்பாவுக்குப் பக்கவாதம். மதுரையில் 10 நாள் அட்மிஷன் முடிந்து, மூக்கில் டியூப்போடு வீட்டுக்கு வந்துவிட்டார். மகன் சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கிறார். டிஸ்சார்ஜ் நேரத்தில் நர்ஸ் 5 நிமிஷம் சொல்லிக் கொடுத்ததை வைத்து, அம்மா ஒருவரே ஒரு நாளைக்கு 6 வேளை கஞ்சி ஊற்றுகிறார். மதுரை 70 கிலோமீட்டருக்கு மேல். ராத்திரி டியூப் கழன்றால் யாரைக் கேட்பது?

இப்படி எத்தனையோ வீடுகள் இருக்கின்றன. அவர்களுக்குத் தேவையான விஷயங்களை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

எதுக்கு டியூப்? எத்தனை வகை?

பக்கவாதம், தலைக்காயம், வாய், தொண்டைப் புற்றுநோய், பார்கின்சன் நோய் போன்றவற்றில் விழுங்கும் திறன் குறையலாம். வாயில் கொடுப்பது உணவுக்குழாய்க்குப் போகாமல் மூச்சுக்குழாய்க்குள் இறங்கும். நாம் சாதாரணமாகப் 'புரை ஏறிடுச்சு' என்று சொல்வதுதான். ஆனால் இருமி வெளியே தள்ளும் பலம் இல்லாதவருக்கு அதுவே நிமோனியாவாக முடியலாம்.

மூக்கு வழியாக வயிற்றுக்குப் போவது ரைல்ஸ் டியூப். ஜான் ஆல்ஃபிரட் ரைல் என்ற பிரிட்டிஷ் மருத்துவரின் பெயர்தான் அது. வயிற்றில் சிறு துளை போட்டு நேராக இரைப்பைக்குள் வைப்பது பெக் டியூப். வயிற்றைத் திறந்து ஆபரேஷன் செய்யாமல், எண்டோஸ்கோபி உதவியுடன் இதை வைக்கும் முறையை 1979-ல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் காடரர், பான்ஸ்கி என்ற இரு மருத்துவர்கள் தொடங்கினார்கள். முதலில் செய்தது ஒரு குழந்தைக்கு.

'மூக்குல இருக்கிறது கஷ்டமா இருக்கு, உடனே வயித்துல வச்சிடலாமா?' என்று பலர் கேட்பார்கள். பக்கவாதம் வந்த முதல் 2, 3 வாரங்களுக்கு மூக்கு டியூப்தான் நல்லது என்று 2005-ல் வெளியான 'ஃபுட்' என்ற பெரிய பன்னாட்டு ஆய்வு காட்டியது. பலருக்குச் சில வாரங்களிலேயே விழுங்கும் திறன் திரும்பிவிடும் என்பதும் ஒரு காரணம். 4 வாரத்துக்கு மேலும் டியூப் தேவைப்படும் என்று தெரிந்தால், பெக் பற்றி டாக்டரிடம் பேசலாம்.

செலவு எங்கே போகுது?

டியூப்பின் விலையைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். சாதாரண பிவிசி ரைல்ஸ் டியூப் மெடிக்கல் ஷாப்பில் கிடைக்கும் மலிவான பொருள்களில் ஒன்று. ஆனால் அது நாளாக ஆக விறைத்துப்போகும். அடிக்கடி மாற்ற வேண்டும். சிலிகான், பாலியூரிதேன் டியூப்கள் விலை கூடுதல், ஆனால் 4 முதல் 6 வாரம் வரை தாங்கும். ஒவ்வொரு முறை மாற்றும்போதும் நர்ஸுக்கு ஒரு தொகை, இல்லாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போக வர வண்டி வாடகை. கூட்டிப் பார்த்தால் விலை கூடிய டியூப்பே சில வீடுகளுக்கு லாபம்.

பெக் வைக்க எண்டோஸ்கோபி, கருவி, அட்மிஷன் என்று தனியாரில் பல ஆயிரம் ஆகும். மொத்தம் எவ்வளவு என்று முன்கூட்டியே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இரைப்பைக் குடல் பிரிவு உள்ள மதுரை ராஜாஜி போன்ற அரசு மருத்துவமனைகளில் விசாரிப்பது முதல் வேலையாக இருக்கட்டும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமும் உண்டு. ஆனால் அது மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. வீட்டுச் செலவு நம் கையில்தான்.

அந்த வீட்டுச் செலவில் பெரியது பவுடர் டின். ஒரு கணக்குப் போடுவோம். 50 கிலோ எடையுள்ளவருக்கு, கிலோவுக்கு 25 வீதம், நாளைக்குக் குறைந்தது 1,250 கலோரி வேண்டும். 400 கிராம் பவுடர் டின் ஒன்றில் சுமார் 1,700 கலோரி இருக்கும். டின் விலை 700 ரூபாய் என்று வைத்தால், பவுடர் மட்டுமே கொடுக்கும் வீட்டுக்கு ஒரு நாளைக்கு 500 ரூபாய்க்கு மேல், மாதம் 15,000 ரூபாய்க்கு மேல் போகும். நீங்கள் வாங்கும் டின்னின் விலையைப் போட்டு நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்போ வெறும் கஞ்சி போதுமா?

போதாது. பல வீடுகளில் நடக்கும் தவறு இதுதான். ஒரு வேளைக்கு 25 கிராம் அரிசிக் கஞ்சி என்றால் சுமார் 90 கலோரி. 6 வேளைக்கு 540. தேவையில் பாதிகூட இல்லை. வயிறு நிறையும், உடம்பு தேயும். படுக்கைப்புண் ஆறாது.

ஒவ்வொரு வேளைக் கஞ்சியிலும் 100 மில்லி பால், 1 டீஸ்பூன் எண்ணெய் சேருங்கள். கலோரி 200-ஐத் தொடும். நாளைக்கு 1,200 ஆகிவிடும். புரதத்துக்கு நன்றாக வேகவைத்த 2 முட்டை, 50 கிராம் பருப்பு. எல்லாவற்றையும் மிக்ஸியில் அடித்து, மெல்லிய வடிகட்டியில் வடிகட்டணும். முளைகட்டிய கேழ்வரகு மாவில் காய்ச்சினால் கஞ்சி கெட்டியாகாது, டியூப்பில் சுலபமாக இறங்கும். நம்ம ஊர்ப் பாட்டிகள் குழந்தைக்குக் காய்ச்சும் அதே கஞ்சிதான்.

சர்க்கரை, சிறுநீரகப் பிரச்சினை இருந்தால் அளவு மாறும். பல நாள் சாப்பிடாமல் இருந்தவருக்குத் திடீரென்று முழு அளவு கொடுப்பதும் ஆபத்து. டயட்டீஷியனிடம் ஒருமுறை எழுதி வாங்கிவிடுங்கள். காய்ச்சிய கஞ்சியை நம்ம ஊர் வெயிலில் 2 மணி நேரத்துக்கு மேல் வெளியே வைக்காதீர்கள்.

ஊற்றும் முறை

* கையை சோப்புப் போட்டுக் கழுவணும். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்ந்திருக்கணும். படுக்க வைத்து ஊற்றவே கூடாது. ஊற்றி முடித்து ஒரு மணி நேரம் வரை அப்படியே இருக்கட்டும்.
* டியூப் மூக்கிலிருந்து வெளியே வரும் இடத்தில் மார்க்கரால் கோடு போட்டு வைங்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கோடு நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். நகர்ந்திருந்தால் ஊற்ற வேண்டாம்.
* முதலில் 30 மில்லி தண்ணீர், பிறகு உணவு, கடைசியில் மறுபடி 30 மில்லி தண்ணீர்.
* சிரிஞ்சை வயிற்று மட்டத்துக்கு ஓர் அடி மேலே பிடித்தால் உணவு தானாக இறங்கும். பிஸ்டனை வைத்து அழுத்தக் கூடாது. 200 முதல் 250 மில்லி இறங்க 15, 20 நிமிஷம் ஆகட்டும்.
* மாத்திரைகளை உணவோடு கலக்காமல், ஒவ்வொன்றாகப் பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மெதுவாகக் கரையும் வகை மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. மாற்றுச் சிரப் இருக்கிறதா என்று டாக்டரைக் கேளுங்கள். வலிப்புக்கு ஃபெனிடாயின் எடுப்பவர் என்றால் உணவுக்கும் அதற்கும் எவ்வளவு இடைவெளி என்றும் கேட்டுக்கொள்ளுங்கள்.
* வாயில் சாப்பிடாவிட்டாலும் தினம் 2 வேளை வாய் சுத்தம் அவசியம். வாயில் பெருகும் கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குப் போகும்.

'காத்து அடிச்சு ஸ்டெதாஸ்கோப்ல சத்தம் கேட்டாச்சு, சரியா இருக்கு' என்று சொல்வதுண்டு. டியூப் நுரையீரலுக்குள் போயிருந்தாலும் சத்தம் கேட்கலாம். புதிதாகப் போட்டதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பதே உறுதியான வழி. உறிஞ்சி எடுக்கும் நீரின் அமிலத்தன்மையைத் தாளில் பார்ப்பதும் உதவும், பி.எச். 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்கணும். டியூப் வெளியே வந்துவிட்டால் வீட்டில் யாரும் திரும்பச் செருக வேண்டாம்.

பெக் போட்டிருந்தால்

துளையைச் சுற்றித் தினமும் சோப்புத் தண்ணீரால் துடைத்து, ஈரமில்லாமல் வைக்கணும். புண் ஆறிய பிறகு, டாக்டர் சொல்லும் நாளிலிருந்து டியூப்பை மெல்லச் சுழற்றி விடணும். வெளியே இருக்கும் வட்டத் தட்டு தோலை இறுக்கிப் பிடித்தால், உள்ளே இருக்கும் தட்டு இரைப்பைச் சுவருக்குள் புதைந்துபோகலாம்.

கழன்று விழுந்தால் நேரம்தான் முக்கியம். துளை சில மணி நேரத்திலேயே மூடத் தொடங்கும். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். வைத்து ஒரு மாதம்கூட ஆகவில்லை என்றால் இன்னும் அவசரம். கண்மூடித்தனமாகத் திரும்பச் செருகினால் அது இரைப்பைக்குள் போகாமல் வயிற்றுக் குழிக்குள் போய்விடும்.

எப்போ ஓடணும்?

ஊற்றும்போது இருமல், மூச்சுத் திணறல், உதடு நீலம் என்றால் உடனே நிறுத்திவிட்டு 108-ஐ அழையுங்கள். காய்ச்சல், தொடர் வாந்தி, வயிறு கல் போல இறுகுவது, கறுப்பாகவோ ரத்தமாகவோ வருவது, துளையில் சீழ், இவையெல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்று விடக்கூடியவை அல்ல. அடைப்பு என்றால் வெதுவெதுப்பான தண்ணீரை வைத்து மெல்ல முயலலாம். கம்பி விடக் கூடாது, சோடா ஊற்றக் கூடாது.

அவசரம் இல்லாத சந்தேகத்துக்கு 104. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், நோய்த்தணிப்பு சிகிச்சை நர்ஸும் பிசியோதெரபிஸ்டும் வீட்டுக்கே வருவார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் அப்பாவின் பெயரைப் பதிந்து வையுங்கள். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் போன் வழியாகச் செய்யக்கூடிய முதல் உதவி இது.

எல்லாருக்கும் டியூப் வேணுமா?

இல்லை. முற்றிய மறதி நோயில் டியூப் ஆயுளைக் கூட்டுவதாகவோ நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை. கையைக் கட்டிப்போட்டு டியூப் வைப்பதைவிட, பொறுமையாகக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதே நல்லது என்று முதியோர் மருத்துவ அமைப்புகள் சொல்கின்றன. 'சாப்பாடு போடாம விட்டுட்டோமே' என்ற குற்ற உணர்ச்சி எந்த வீட்டிலும் இருக்கும். அதை டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுவது நல்லது.

பக்கவாதம் வந்தவருக்கோ டியூப் பெரும்பாலும் ஒரு இடைக்கால ஏற்பாடு. டிஸ்சார்ஜ் ஆகும்போதே 'விழுங்குற டெஸ்ட் திரும்ப எப்போ?' என்று கேட்டு, தேதியைச் சீட்டில் எழுதி வாங்குங்கள். யாரும் கேட்காததாலேயே மாதக்கணக்கில் டியூப்போடு இருப்பவர்கள் உண்டு. ஸ்பீச் தெரபிஸ்ட் பார்த்துச் சரி என்று சொல்லும் வரை, 'ஒரு வாய் காபி கொடுத்தா என்ன' என்று யார் கேட்டாலும் அம்மா மறுத்தே ஆகணும். சொல்லிவிட்டால், அந்த முதல் வாயை அவரே ஊட்டலாம்.