பெயருக்கு முன்னால் ஒரு தோட்டம்

மலையகப் புனைகதையில் குடும்பம் எவ்வாறு வருகிறது என்று பேச வேண்டுமானால், அந்தக் குடும்பம் எங்கே படுத்துறங்கியது என்பதிலிருந்தே தொடங்க வேண்டும். நமது பதுளை மண்ணின் எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப்பை வைத்து இதனை விளக்கலாமென நினைக்கிறேன்.

1934இல் ஹாலி-எலைக்கு அருகே ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்தவர் ஜோசப், 2022இல் காலமானார். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னால் இடுவது நமது வழமை. அவர் இட்டதோ தாம் பணிபுரிந்த தெளிவத்தைத் தோட்டத்தின் பெயர். யாழ்ப்பாணத்து எழுத்தாளர்களும் ஊர்ப்பெயர் இடுகிறார்களே என்பீர்கள். அங்கே ஊர் என்றால் காணி உண்டு, காணிக்கு உறுதி உண்டு. தோட்டத்தில் பிறந்தவனுக்கு அவன் படுக்கும் காம்பிராகூடச் சொந்தமில்லை. இங்கிருந்து கொழும்புக்கு வேலை தேடிப் போகும் நம் பிள்ளைகள் சிலர் தோட்டத்தின் பெயரை விட்டுவிட்டு 'பதுளை' என்று மட்டும் எழுதுவதை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆயினும் ஜோசப் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்பது அப்போதுதான் விளங்குகிறது.

1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டம் ஒருவனிடம் கேட்டது அவன் குடும்பக் கதையைத்தான். இந்நாட்டில் பிறந்திருந்தால் மட்டும் போதாது. தந்தையும் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லையேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்தவர்களாக இருக்க வேண்டும். பிறப்பைப் பதிந்து வைக்க வசதியில்லாதிருந்த லயத்துக் குடும்பங்கள் அத்தாட்சிக்கு எங்கே போகும்? மலையகத்தில் தன்வரலாற்று நூல்கள் குறைவாகவும் சிறுகதைகள் நிறைவாகவும் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம். கடதாசியில் இல்லாத பாட்டன் கதையில்தானே வாழ முடியும்!

ஜோசப்பின் 'மீன்கள்' சிறுகதையை எடுத்துக்கொள்ளுங்கள். வயது வந்த பிள்ளைகளோடு ஒற்றைக் காம்பிராவில் உறங்க வேண்டிய பெற்றோரின் வெட்கமும் வேதனையும்தான் கதை. காம்பிரா என்பது வழமையாகப் பத்தடிக்குப் பன்னிரண்டடி. கணவன் மனைவி உறவும் தகப்பன் மகள் உறவும் அந்த இருட்டுக்குள் மோதிக்கொள்கின்றன. கோஷம் போடும் கதைகள் நம்மிடம் நிறைய உண்டு. இங்கே கோஷமே இல்லை. ஆனால் வாசித்தவனால் லயத்தை மறுபடியும் பழைய கண்ணோடு பார்க்க முடியாது. இக்கதையை வகுப்பில் வாசித்தபோது லயத்திலிருந்து வரும் ஒரு மாணவி தலைநிமிரவே இல்லை. அதன் பிறகு நான் அதைச் சத்தமாக வாசிப்பதில்லை. வீட்டில் வாசித்து வரும்படி சொல்கிறேன்.

ஜோசப் கொழுந்து கொய்தவரல்லர். தோட்டத்தில் ஆசிரியராகவும் எழுதுவினைஞராகவும் இருந்தவர். துரைக்கும் தொழிலாளிக்கும் நடுவில் இருக்கும் அந்த நாற்காலிதான் அவருடைய பலம் என்பேன். கணக்கப்பிள்ளையின் வீறாப்பும் அவன் வீட்டுக்குள் இருக்கும் பயமும் அங்கிருந்து பார்த்தால் ஒருங்கே தெரியும். 'காலங்கள் சாவதில்லை' நாவல் 1974இலும் 'நாமிருக்கும் நாடே' தொகுதி 1979இலும் நூலாயின. பின்னதன் தலைப்பு பாரதியின் பாட்டை நினைவூட்டுவது. நாடு எது என்று தெரியாதவன் வாயில் அது கேள்வியாகிவிடுகிறது.

அக்காலத்தை எண்ணிப் பாருங்கள். 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாக்கிக்கொண்டன. தகப்பன் ஒரு பட்டியலில், மகன் மறு பட்டியலில் என்று பிரிந்த குடும்பங்கள் ஊவாவிலும் உண்டு. இங்கே இந்தியர் எனப்பட்டவர்கள் நீலகிரியில் இறங்கியதும் 'சிலோன்காரர்' ஆனார்கள். அவர்களைப் பற்றிய எழுத்துகளை அடுத்த வாரம் பார்ப்போம்.