மாரி வருமுன் கிணற்றடியைக் கவனியுங்கள்

ஐப்பசி பிறந்தால் யாழ்ப்பாணத்தில் மாரிதான். விறகை உள்ளே எடுத்து அடுக்குகிறோம். கூரையின் ஒழுக்கை அடைக்கிறோம். ஆனால் வளவிலுள்ள கிணற்றையும் தண்ணீர்த் தொட்டியையும் மாரிக்கு ஆயத்தப்படுத்துகிறோமா? நாம் குடிப்பதும் சமைப்பதும் வுளுச் செய்வதும் அந்தத் தண்ணீரில்தானே!

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. பெய்யும் மழை மண்ணில் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளில் தங்குகிறது. அதுவே நம் கிணற்று நீர். ஆண்டு மழையில் பெரும்பங்கு ஒக்ரோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. ஆகவே வளவில் கிடக்கும் குப்பையும் கழிவும் அந்த மழையோடு கிணற்றுக்கு வந்து சேரும்.

கிணறு இறைத்தல்

நீர்மட்டம் தாழ்ந்திருக்கும் ஆவணி, புரட்டாசி மாதங்களே கிணறு இறைக்க ஏற்றவை. அடிச் சேற்றையும் சருகையும் அள்ளுவியுங்கள். கட்டிலும் கிணற்றடிச் சீமெந்திலும் உள்ள வெடிப்புகளைப் பூசுவியுங்கள். கழுவிய நீர் திரும்பவும் உள்ளே வடியக் கூடாது. நன்னீருக்கு அடியில் உவர்நீர் இருப்பதால், இறைக்கும்போது தண்ணீர் உவர்த்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

ஒன்றை மறவாதீர்கள். எண்ணெயில் ஓடும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கி இயக்க ஒருபோதும் விடாதீர்கள். அதன் புகையிலுள்ள நச்சுவாயுவுக்கு மணமில்லை. உள்ளே இறங்கியவர் மயங்கி உயிரிழக்கக்கூடும்.

1990 ஒக்ரோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது சோனகதெருவின் கிணறுகளும் கைவிடப்பட்டன. 2002க்குப் பின்னும், 2009இல் போர் முடிந்த பின்னும் மக்கள் மெல்ல மெல்லத் திரும்பினார்கள். நெடுங்காலம் பூட்டிக் கிடந்த வீட்டைத் திறப்பவர்கள், கிணற்றை இறைத்து நீரைச் சோதித்த பின்பே குடிக்கத் தொடங்குங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையிடமோ இதுபற்றி விசாரிக்கலாம்.

குளோரின் இடும் அளவு

1000 லீற்றர் நீருக்கு நல்ல தரமான வெளிற்றும் தூள் சுமார் 2.5 கிராம் போதும். கிணற்றின் குறுக்களவு 2 மீற்றர், நீரின் ஆழம் 3 மீற்றர் என்றால் ஏறத்தாழ 9,400 லீற்றர் நீர் இருக்கும். அதற்கு 24 கிராம் அளவு. வாளியில் கரைத்துத் தெளியவிட்டு, தெளிந்த நீரை மட்டும் மாலையில் ஊற்றுங்கள். காலையில் பாவிக்கலாம். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு இந்த அளவு போதாது. பரிசோதகரைக் கேட்டே இடுங்கள்.

தோட்டத் தொட்டி

மாரியோடு டெங்குவும் வருகிறது. நுளம்பின் முட்டை தொட்டிச் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும், நீர் பட்டதும் பொரிக்கும். தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. வாரம் ஒருமுறை சுவரைத் தும்புத்தடியால் உரஞ்சிக் கழுவுங்கள். செடிகளுக்கு ஊற்றவும் அழகுக்கும் வைத்திருக்கும் தொட்டியென்றால் கப்பி மீன்களை விடுங்கள். அவை குடம்பிகளைத் தின்றுவிடும். குளோரின் இட்ட நீரில் மீன் செத்துப்போகும். ஓரிரு நாள் வெயிலில் விட்ட பின்பே மீனை விடவேண்டும். சிரட்டை, பழைய ரயர், தயிர்ச்சட்டி எதையும் வெளியில் விட்டுவைக்காதீர்கள்.

2016இல் இலங்கை மலேரியா அற்ற நாடு என உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அதே ஆண்டின் இறுதியில், கிணறுகளிலும் பெருகும் புதுவகை மலேரியா நுளம்பு மன்னாரில் கண்டறியப்பட்டது. பின்னர் யாழ்ப்பாணத்திலும் காணப்பட்டது. எனவே கிணற்று வாய்க்கும் வலை போடுங்கள்.

குழந்தையின் பால்

குளோரின் கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றை நீக்காது. தோட்டங்களில் இடும் உரத்திலிருந்தும் மலசலகூடக் குழியிலிருந்தும் அது கிணற்றில் கலக்கிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் வரையே ஏற்கத்தக்கது. குடாநாட்டின் பல கிணறுகளில் இதைவிட அதிகம் இருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. கொதிக்கவைத்தாலும் அது போகாது. நீர் வற்றுவதால் இன்னும் செறிவாகும். இந்நீரில் மாப்பால் கரைத்துக் கொடுத்தால் பச்சிளம் குழந்தையின் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்க இயலாமல் போகலாம். உதடும் நகமும் நீலம் பாய்ந்தால் தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லுங்கள். முதல் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுத்தால் இந்தப் பயமில்லை. புட்டிப்பால் கொடுப்பவர்கள் சோதித்த நீரையே பாவியுங்கள்.

மலசலகூடக் குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளியிருக்க வேண்டும். சுண்ணாம்புக்கல் நிலத்தில் அதற்கும் கூடுதலாக இருப்பது நல்லது. சோனகதெரு போன்ற நெருக்கமான குடியிருப்புகளில் பக்கத்து வீட்டுக் குழியே நம் கிணற்றுக்கு அருகில் இருக்கும். ஆகவே அயலவர்கள் கலந்து பேசி, ஒரே வாரத்தில் எல்லா வீட்டுக் கிணறுகளையும் துப்புரவு செய்யுங்கள். இன்ஷா அல்லாஹ், இந்த மாரியில் நம் பிள்ளைகள் நோயின்றி இருப்பார்கள்.